அம்மாவின் சூப்பும் என் மௌனமும்

அம்மாவுக்கு இதய வால்வு மாற்றி ஒன்பது வருஷம். முழங்கால் வலி வந்து நாலு வருஷம். இந்த இரண்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. உலோக வால்வு வைத்தவர்கள் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்க ஆயுள் முழுக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிட வேண்டும். வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு வழக்கமான வலி மாத்திரைகளில் பலவற்றைக் கொடுக்க முடியாது. வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துவிடும் என்ற பயம். ஆக, முழங்காலுக்குக் கிடைத்தது பாரசிட்டமால், தடவிக்கொள்ள ஒரு களிம்பு, உடற்பயிற்சிப் படங்கள் போட்ட ஒரு தாள்.

எலும்பு டாக்டரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எக்ஸ்ரேவைப் பார்த்தார், தேய்மானம் என்றார், வயதைச் சொன்னார். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். அம்மா வீட்டுக்கு வந்து சொன்னது இவ்வளவுதான்: "அந்தத் தம்பி என் காலத் தொடவே இல்லடா."

எங்கள் புளோக்கில் பக்கத்து வீட்டில் ஒரு சீனப் பாட்டி இருக்கிறார். அம்மா அவரை 'சீனக்கா' என்றுதான் கூப்பிடுவார். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி சிங்கப்பூருக்கு வந்த அம்மாவுக்கும், ஹொக்கியன் பேசும் அந்தப் பாட்டிக்கும் நடுவில் நாற்பது வருஷமாக ஓடுவது சந்தை மலாய். சீனக்காதான் சின்சேயிடம் போகலாம் என்றார். இங்கே சீன வைத்தியரை எல்லா இனத்தவரும் சின்சே என்றுதான் சொல்வோம். முதல் தடவை நானும் கூடப் போனேன். நான் உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவன். போகும்போது என் மனநிலை எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கடைவீட்டின் கீழ்த்தளம். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். காய்ந்த வேரும் பட்டையும் கலந்த ஒரு வாசனை, நம் ஊர் நாட்டுமருந்துக் கடை வாசனைக்குச் சித்தப்பா மகள் மாதிரி. சின்சே அறுபதை நெருங்கும் ஒரு பெண்மணி. பதிவுச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். 2000-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு சிங்கப்பூரில் பதிவு செய்யாமல் யாரும் சீன மருத்துவம் பார்க்க முடியாது. அவர் முதலில் முழங்காலைப் பற்றிக் கேட்கவே இல்லை. ராத்திரி தூக்கம் எப்படி என்று கேட்டார். எத்தனை மணிக்கு முழிப்பு வருகிறது? தாகம் எடுத்தால் சுடுதண்ணீர் வேண்டியிருக்கிறதா, பச்சைத்தண்ணீரா? கையும் காலும் சில்லிடுமா? வியர்வை எந்த நேரத்தில்? வயிறு போவது எப்படி? காது எப்படி? நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு அம்மாவின் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அம்மா என் பக்கம் திரும்பி, "நம்மூரு நாடி மாதிரியேடா" என்றார். உண்மைதான். அதே மூன்று விரல், ஏறக்குறைய அதே இடம். நம் சித்த வைத்தியர் அங்கே வாதம், பித்தம், கபம் தேடுவார். சீன வைத்தியர் இடது கையில் இதயம், ஈரல், சிறுநீரகம் என்றும் வலது கையில் நுரையீரல், மண்ணீரல் என்றும் தேடுவார். ஒரே துடிப்பு, இரண்டு வரைபடங்கள். வரைபடம் இரண்டாக இருப்பதே இரண்டின்மேலும் சந்தேகப்பட எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஆனால் அம்மா சொன்ன பதில்கள் வேறு விஷயம். "தினம் மூணு மணிக்கு முழிப்பு வந்துரும். அவரு போனதுலேர்ந்து." அப்பா போய் ஆறு வருஷம். நான் அதே வீட்டில், பக்கத்து அறையில் படுக்கிறவன். எனக்கு இது தெரியாது. நான் கேட்டதில்லை.

இந்தக் கேள்விகளுக்கு ஒரு வரலாறு இருப்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். மிங் காலத்து வைத்தியர் ஜாங் ஜிங்யுவே, நோயாளியிடம் கேட்க வேண்டியவற்றைப் பத்துக் கேள்விகளாகத் தொகுத்து மனப்பாடம் செய்ய வசதியாகச் செய்யுளாக்கி வைத்தார். குளிர்-சூடு, வியர்வை, தலை-உடம்பு, மலம்-சிறுநீர் என்று வரிசையாகப் போகும். பார்ப்பது, கேட்பதும் முகர்வதும், விசாரிப்பது, தொட்டுப் பார்ப்பது என்ற நான்கு பரிசோதனைகளில் அது ஒன்று. சீன மருத்துவம் உடம்பைப் பற்றிச் சொல்வதில் எவ்வளவு சரி என்பது தனிக் கேள்வி. விசாரிப்பதை ஒரு கடமையாக எழுதி வைத்துச் சீடர்களை ஒப்பிக்க வைத்தார்கள் என்பது கேள்விக்கு இடமில்லாதது.

வார்ஃபரின் பற்றி நான்தான் சின்சேயிடம் சொன்னேன். அவர் உடனே தலையாட்டி, மெல்லிய ஊசி மட்டும் போதும் என்றார். "ஊபாட் தாக் போலே." மருந்து கூடாது. அம்மாவுக்கு என்னைவிட மலாய் நன்றாகத் தெரியும் என்றாலும் நான் தமிழில் ஒருமுறை சொன்னேன்: "மருந்து ஏதும் கிடையாதும்மா. ஊசி மட்டும்தான்." அம்மா சரி என்றார். இந்த இரண்டு வாக்கியங்களுக்குப் பின்னால் திரும்பி வர வேண்டியிருக்கும்.

ஆறு வாரம் போனார். வலி குறைந்தது. மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது சுவரைப் பிடிக்காமல் நின்றார். எனக்குச் சந்தோஷம். கூடவே ஒரு சின்னச் சிரிப்பு. ஏனென்றால் எனக்கு ஒரு விஷயம் தெரியும்.

ஜெர்மனியில் முதுகுவலிக்காரர்கள் 1,162 பேரை மூன்று பிரிவாகப் பிரித்து ஒரு பெரிய ஆய்வு நடத்தி, 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்கு முறையான சீன அக்குபங்சர். இன்னொரு பிரிவுக்குப் போலி: நாடிப்புள்ளி இல்லாத இடங்களில், மேலோட்டமாக ஊசி. மூன்றாவது பிரிவுக்கு வழக்கமான மாத்திரை, உடற்பயிற்சி. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் முறையான ஊசியில் 47.6 சதவீதம் பேருக்குப் பலன். போலி ஊசியில் 44.2. வழக்கமான சிகிச்சையில் 27.4. முழங்காலுக்கு நடந்த ஆய்விலும் கதை ஏறக்குறைய இதுவேதான். இதை எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் கொஞ்சம் சங்கடம். ஊசி எங்கே குத்தப்படுகிறது என்பதற்குப் பெரிய முக்கியத்துவம் இல்லை. அப்படியானால் இரண்டாயிரம் வருஷத்து நாடிப்பாதை வரைபடம் எதற்கு? அதே சமயம் போலி ஊசியேகூட நம் மாத்திரையையும் பயிற்சியையும் நன்றாகவே தோற்கடிக்கிறது. அப்படியானால் ஜெயித்தது எது?

அதற்குப் பாதிப் பதில் அமெரிக்காவிலிருந்து வந்தது. டெட் காப்ட்சக் குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில் குடல் எரிச்சல் நோயாளிகள் 262 பேர். சிலர் சும்மா காத்திருப்போர் பட்டியலில் இருந்தார்கள். சிலருக்குப் போலி அக்குபங்சர், அதிகம் பேச்சில்லாமல். சிலருக்கு அதே போலி அக்குபங்சர், ஆனால் முதல் சந்திப்பில் வைத்தியர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, விசாரித்து, காது கொடுத்துக் கேட்டார். போதுமான நிவாரணம் கிடைத்ததாகச் சொன்னவர்கள் முறையே 28, 44, 62 சதவீதம். ஊசி இரண்டிலும் பொய்தான். கூடுதலாகச் சேர்ந்தது விசாரிப்பு மட்டும். காப்ட்சக் மக்காவில் முறையாகச் சீன மருத்துவம் படித்தவர் என்பது இதில் எனக்குப் பிடித்த செய்தி. படித்ததையே அறுத்துப் பார்க்கத் துணிந்த மனிதர்.

ஆக, எனக்கு இப்படி ஒரு கணக்கு உருவானது. அம்மாவைக் குணமாக்குவது அந்த இருபது நிமிடமும் அதன்மேல் அவருக்கு இருக்கும் நம்பிக்கையும். நான் வாயைத் திறந்து "ஊசியில ஒண்ணும் இல்லம்மா" என்றால் நம்பிக்கை போகும், வலி திரும்பும். ஆகவே சும்மா இருப்பதே அன்பு. பொய் சொல்லவில்லையே, கேட்காததைச் சொல்லாமல் விட்டேன், அவ்வளவுதானே. இந்தக் கணக்கில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. அறிவியலும் தெரிந்தவன், அம்மாவின் மனமும் தெரிந்தவன் என்று.

இந்த இடத்தில் மாவோ நினைவுக்கு வருகிறார். இன்று 'பாரம்பரியச் சீன மருத்துவம்' என்று ஒற்றைப் பெயரில் நாம் சொல்வது, ஆயிரம் கிளையாகக் கிடந்ததை 1950-களில் அரசு ஒன்றாக்கிப் பாடப்புத்தகம் போட்டுக் கல்லூரி கட்டி உருவாக்கியது. கோடிக்கணக்கான ஜனங்களுக்கு மேற்கத்திய டாக்டர்கள் போதாது. கையில் இருப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டிய கட்டாயம். அதை முன்னின்று வளர்க்கச் சொன்ன மாவோ, தனக்கு அதில் நம்பிக்கை இல்லை, தான் அதைச் சாப்பிடுவதில்லை என்று சொன்னதாக அவருடைய சொந்த மருத்துவர் லீ ஜிசுய் தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். இதைப் படித்தபோது, என்ன நெஞ்சழுத்தம் என்று தோன்றியது. நான் என் வீட்டில் செய்துகொண்டிருந்ததும் அதே காரியத்தின் சின்ன வடிவம் என்பது அப்போது உறைக்கவில்லை.

மூன்றாம் மாதம் ஒரு காலை பல் விளக்கும்போது அம்மாவுக்கு ஈறிலிருந்து ரத்தம் நிற்கவில்லை. முழங்கைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு நீலம். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு ஐ.என்.ஆர். என்று ஒரு அளவு பார்ப்பார்கள். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதன் கணக்கு. அம்மாவுக்கு அது 2.5-லிருந்து 3.5-க்குள் இருக்க வேண்டும். அன்றைக்கு 7-ஐத் தாண்டியிருந்தது. தலைக்குள் கசிந்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

மருந்தாளர் வந்து கேட்டார். சீன மருந்து, நாட்டு மருந்து ஏதாவது? நான் மொழிபெயர்த்தேன். அம்மா என்னைப் பார்த்தார். "இல்ல" என்றார்.

மாத்திரையை நிறுத்தி, அளவு இறங்கும்வரை வார்டில் வைத்திருந்தார்கள். மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தவன் சமையலறை அலமாரியில் அந்தப் பொட்டலத்தைப் பார்த்தேன். மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில், சன்னமாகச் சீவிய வேர். டாங் குய். சீன வீடுகளில் கோழியோடு போட்டுச் சூப்பு வைப்பார்கள், பெண்களுக்கு உடம்பு தேறும் என்று. வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டக்கூடியவை என்று மருந்தாளர்கள் எச்சரிக்கும் பட்டியலில் அதுவும் உண்டு. சீனக்கா சொல்லிக்கொடுத்திருக்கிறார். வாரத்துக்கு மூன்று நாள், நான் பள்ளிக்கூடம் போன பிறகு.

"மருந்து சாப்பிடுறீங்களான்னு கேட்டாங்களேம்மா."

"சூப்பு மருந்தாடா?"

அவர் சாமர்த்தியமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார். சின்சே 'ஊபாட்' கூடாது என்றார். நான் 'மருந்து' கிடையாது என்றேன். சூப்பு சாப்பாடு. உணவுக்கும் மருந்துக்கும் வேர் ஒன்றே என்பது சீன மருத்துவத்தின் அடிப்படைகளில் ஒன்று. நம் வீட்டிலும் 'உணவே மருந்து' என்று காலண்டரில் அச்சடித்து மாட்டுகிறோம். அப்படி ஒரு கோடே இல்லாத இரண்டு மரபுகளுக்கு நடுவில் நின்று கொண்டு, கோடு போட்ட ஒரு மொழியிலிருந்து நான் ஒரு சொல்லை மொழிபெயர்த்து, வேலை முடிந்தது என்று நினைத்திருக்கிறேன். பச்சிலைதானே, வேர்தானே என்பவர்களுக்குப் பெல்ஜியத்தை நினைவூட்டலாம். 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் மெலியச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்கள் நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் கெட்டுப்போனது. பெயர் ஒத்த இரண்டு வேர்களில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று போய்விட்டது. இதெல்லாம் எனக்கு முன்பே தெரிந்ததுதான். தெரிந்து என்ன?

ஆனால் நான் கேட்க வேண்டிய கேள்வி வேறு. சாப்பாடு என்றே நினைத்தார், சரி. பிறகு ஏன் நான் இல்லாதபோது வைத்துக் குடித்தார்? ஏன் மருந்தாளர் கேட்டபோது என் முகத்தைப் பார்த்தார்?

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்துத்தான் கேட்டேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "நீ ஒண்ணும் சொல்லமாட்ட. ஆனா சிரிப்ப. ஊசி போட்டுட்டு வந்து கால் பரவால்லன்னு சொன்னா, சின்னப் புள்ளைக்குத் தலையாட்டுற மாதிரி ஆட்டுவ. இதையும் எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்."

நான் அன்பு என்று நினைத்திருந்தது அவருக்கு எப்படித் தெரிந்திருக்கிறது பாருங்கள். எதிர்த்திருந்தால் சண்டை போட்டிருப்பார். சண்டையில் சூப்பும் வெளியே வந்திருக்கும். நான் செய்தது அவரை வாதத்துக்குத் தகுதியில்லாதவராக ஒதுக்கி வைத்தது. எழுபத்தொரு வயதுக்காரரிடம் ஒரு உண்மையைக் கொடுத்தால் உடைந்துவிடுவார் என்று நானே தீர்மானித்தேன். அந்தத் தீர்மானத்தை என் முகம் ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறது.

*

லூ ஷுன் தன் அப்பாவின் நோயைப் பற்றி 1926-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஷாவோஷிங் ஊரில், அவருடைய பள்ளிப் பருவத்தில் நடந்தது. பெரிய கட்டணம் வாங்கும் வைத்தியர்கள் மாறி மாறி வந்து, எங்கும் கிடைக்காத துணைச்சரக்குகளைக் கேட்கிறார்கள். ஒன்று, ஒரு ஜோடி சிள்வண்டு. அதுவும் முதலிலிருந்தே சேர்ந்து வாழும் ஜோடியாக இருக்க வேண்டுமாம். இன்னொன்று கிழிந்த முரசுத் தோலில் செய்த மாத்திரை. வயிறு முரசு மாதிரி வீங்கியிருக்கிறதே, கிழிந்த முரசு அதை அடக்குமாம். அப்பா 1896-இல் இறந்துபோனார். அந்தக் கோபத்தில்தான் பிறகு ஜப்பானுக்குப் போய் சென்டாய் நகரில் மேற்கத்திய மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். முடிக்காமல் எழுத்துக்கு வந்தார்.

பகுத்தறிவுக்காரர்கள் எல்லோரும் சிள்வண்டு வரைக்கும்தான் இந்தக் கட்டுரையைச் சொல்வார்கள். நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். ஆனால் கட்டுரை அங்கே முடிவதில்லை. அப்பாவின் கடைசி நிமிடங்களில், சடங்கு தெரிந்த பக்கத்து வீட்டு அம்மாள், அப்பாவைக் கூப்பிடு, கூப்பிடு என்று அவசரப்படுத்துகிறார். பையன் உரக்கக் கத்துகிறான். அடங்கிக்கொண்டிருந்த முகம் மறுபடியும் வேதனையில் இழுபடுகிறது. மூச்சு நிற்கும்வரை கத்துகிறான். அந்தக் குரல் தனக்கு இன்னும் கேட்கிறது, அப்பாவுக்குத் தான் செய்த மிகப்பெரிய தவறு அதுதான் என்று லூ ஷுன் கருதுகிறார். பணம் பிடுங்கிய வைத்தியர்கள்மேல் அவருக்கு ஏளனம் உண்டு. குற்ற உணர்வு தன்மேல். நன்றாகச் செய்கிறோம் என்று நினைத்து, படுத்திருக்கிறவர் முகத்தைப் பார்க்காமல் செய்தது. அவர் கத்தினார், நான் கத்தவில்லை. அது ஒன்றுதான் வித்தியாசம்.

எதிர்ப்பக்கத்திலிருந்து தூ யூயூவின் கதையைச் சொல்வார்கள். சீன மருத்துவம் நோபல் வாங்கிவிட்டது பார் என்று வாட்ஸ்அப்பில் வரும் கதை. நடந்தது இன்னும் நல்ல கதை. வியட்நாம் போர்க்காலத்து மலேரியாவுக்கு மருந்து தேட 1967-இல் சீனா தொடங்கிய ரகசியத் திட்டம். தூ யூயூவின் குழு பழைய ஏடுகளிலிருந்தும் வைத்தியர்களிடமிருந்தும் இரண்டாயிரத்துக்கு மேல் குறிப்புகளைத் திரட்டியது. சிங்ஹாவ் என்ற செடி ஒருமுறை பலன் தந்தது, மறுமுறை தரவில்லை. நாலாம் நூற்றாண்டு வைத்தியர் கே ஹோங் எழுதிய அவசர மருந்துக் கையேட்டை அவர் திரும்பத் திரும்பப் படித்தார். அதில் அந்தச் செடியைக் கஷாயம் வைக்கச் சொல்லவில்லை. தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது. அப்படியானால் சூடுதான் சாரத்தைக் கெடுக்கிறதோ? குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதரைக் கொண்டு பிரித்தெடுத்தார். 1971 அக்டோபரில் 191-ஆம் மாதிரி எலிகளிடம் முழுசாக வேலை செய்தது. மறுவருஷம் முதலில் தன் உடம்பிலேயே சோதித்துக்கொண்டார். அந்த ஆர்ட்டிமிசினினுக்குத்தான் 2015 நோபல்.

வேதியியல் ஆசிரியன் என்பதால் எனக்கு ஈதர்தான் முதலில் கண்ணில் படும். இப்போது வேறொன்று படுகிறது. ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு மனிதர் 'ஊறவை' என்று எழுதினால், தெரியாமல் எழுதியிருப்பார் என்று அந்தப் பெண் ஒதுக்கவில்லை. பெரியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கும்பிட்டுவிட்டும் போகவில்லை. சொன்னதை ஒரு கூற்றாக எடுத்துக்கொண்டு, சரியா தப்பா என்று கேட்டார். கே ஹோங்குக்குக் கிடைத்த அந்த மரியாதையை நான் அம்மாவுக்குக் கொடுத்ததே இல்லை.

*

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் சொன்னேன். ஜெர்மனி ஆய்வு, போலி ஊசி, 47, 44, 27. ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டுக் காட்டினேன். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். எனக்கு உள்ளங்கை வியர்த்தது. வலி அன்றிரவே திரும்பிவிடும் என்று உள்ளூர ஒரு பயம்.

"பொய் ஊசி போட்டவங்களுக்கும் இதே மாதிரி கேட்டாங்களா, தூக்கம் எப்படின்னு?"

கேட்டிருப்பார்கள், ஏதோ அளவுக்கு என்றேன். அமெரிக்க ஆய்வையும் சொன்னேன்.

"அதான பாத்தேன்" என்றார். பிறகு, "இத மொதல்லயே சொன்னா என்னடா? எனக்கு என்ன, அந்த அம்மா ஊசில மந்திரம் வச்சிருக்குன்னா நெனச்சேன்?" ஊசிக்காகத்தான் போகிறீர்களா என்று கேட்டதற்கு, தெரியாது என்றார். போனால் நன்றாக இருக்கிறது, போகிறேன். நீ சொன்னதும் இருக்கட்டும். இரண்டும் அவருக்குள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டன. என்னைப் போல அவற்றைச் சண்டைக்கு விடவில்லை.

வலி திரும்பியதா என்று கேட்பீர்கள். கொஞ்சம் திரும்பியது. மழைக்காலமும் அப்போதுதான் தொடங்கியிருந்தது. எதனால் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு ஆளை வைத்து ஆய்வு நடத்த முடியாது என்பதை நானே மாணவர்களுக்குச் சொல்கிறேன்.

உண்மையைச் சொன்னால் நம்பிக்கையின் பலன் குறையும் என்பதே உண்மையானால் என்ன செய்வது? இந்தக் கேள்வியை நான் முழுசாகத் தீர்த்துவிடவில்லை. காப்ட்சக் குழு 2010-இல் நோயாளிகளிடமே 'இது மருந்தில்லாத மாத்திரை' என்று சொல்லிக் கொடுத்தும் பலன் கண்டது. சின்ன ஆய்வு, எண்பது பேர். அதைச் சாக்காக்கி நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. சொல்லியதால் அம்மாவின் முழங்காலில் கொஞ்சம் வலி கூடியிருந்தால் அந்த வலி என் கணக்கில்தான். சொல்லாமல் விட்ட மூன்று மாதத்தில் அந்த வீட்டில் என்னவெல்லாம் சொல்லப்படாமல் போனது என்பதும் என் கணக்கில்தான்.

இப்போது வியாழக்கிழமைகளில் முடிந்தபோது நானும் போகிறேன். சூப்பு விஷயத்தைச் சின்சேயிடம் சொன்னோம். அவர் முகம் மாறிவிட்டது. வேர், பட்டை, காய்ந்த பழம், எதுவானாலும் முதலில் தன்னிடம் கொண்டுவந்து காட்டச் சொன்னார். சீனக்காவையும் கூப்பிட்டு ஹொக்கியனில் ஏதோ சொன்னார், கொஞ்சம் காரமாகவே.

போன மாதம் ஐ.என்.ஆர். பார்க்கப் போனபோது அம்மா ஒரு நாற்பது பக்க நோட்டைக் கையில் கொண்டுவந்தார். ஒரு வாரம் வாய்க்குள் போனதெல்லாம் தமிழில் வரிசையாக. சுக்குக் காப்பி. முருங்கைக்கீரை. பூண்டு ரசம், பெருங்காயம் தூக்கலாக. வெந்தயம் ஊறவைத்தது. மருந்தாளர் சின்னப் பெண், சீனப் பெண். நான் ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்துகொண்டே வந்தாள். கீரை எவ்வளவு, வாரத்துக்கு எத்தனை நாள் என்று கேட்டாள். கீரையில் இருப்பது வார்ஃபரினை எதிர்த்திசையில் இழுக்குமாம். பூண்டு வந்ததும் நிறுத்தி, ஒரு தடவைக்கு எத்தனை பல் என்று கேட்டாள்.

மொழிபெயர்த்தேன். அம்மா சிரித்துவிட்டார்.

"யாருடா எண்ணுவா? கைக்கு வந்தது."

அதையும் சொன்னேன். அந்தப் பெண் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, அடுத்த வாரம் அந்தக் கையால் ஒரு தடவை அள்ளி, எண்ணிக்கொண்டு வரச் சொல்லுங்கள் என்றாள். அம்மா நோட்டில் குறித்துக்கொண்டார்.